லிங்கன் நெடுஞ்சாலைக்கு என்ன ஆயிற்று?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் பழைய மோட்டார் சாலையான லிங்கன் நெடுஞ்சாலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், வந்த வரிசையை விட்டு, பொருள் விளங்கும் வரிசையில் அவற்றை அமைத்திருக்கிறோம்.

கேள்வி: லிங்கன் நெடுஞ்சாலை என்ற பெயரை வரைபடத்தில் தேடினால் ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 50, வேறோரிடத்தில் 80 என்று எண்கள்தாம் தெரிகின்றன. இது ஒரே சாலையா, பல சாலைகளா?

பதில்: பெயர் முழு வழித்தடத்துக்கும் உரியது, எண்கள் அதன் துண்டுகளுக்கு உரியவை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடியும்படி, 3,389 மைல் நீளமுள்ள ஒரு வழித்தடத்தை 1913ஆம் ஆண்டில் ஒரு தனியார் சங்கம் அறிவித்தது. அச்சங்கம் அதற்காகப் புதிய சாலையை வெட்டிவிடவில்லை. ஏற்கெனவே இருந்த ஊர்ச்சாலைகள், பழைய சுங்கச்சாலைகள், பாலைவனத்து வண்டித்தடங்கள் ஆகியவற்றுள் நேராகச் செல்பவற்றைத் தேர்ந்து இணைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயரைச் சூட்டியது. பிறகு 1926இல் நாடு முழுவதற்கும் எண்முறை வந்தபோது அந்த இணைப்பு பிரிந்து, துண்டுகளுக்குத் தனித்தனி எண்கள் கிடைத்தன. 1956க்குப் பின் வந்த மாநிலங்களிடை விரைவுச்சாலைகள் சில துண்டுகளை விழுங்கின; சில துண்டுகளை ஒதுக்கிவிட்டு அருகிலேயே ஓடின.

இந்த வரலாற்றை நான் வாசிக்கும் விதம் இதுதான்: இச்சாலையின் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதற்குப் பணம் கொடுத்த கை முதலில் மாறியிருக்கிறது. பின்வரும் விடைகளை இந்த எண்ணத்தோடு படித்தால் பெயர்மாற்றங்கள் அத்தனை குழப்பமாகத் தோன்றா.

கேள்வி: அமெரிக்காவை மோட்டார் வண்டியில் குறுக்காகக் கடக்க உதவிய முதல் சாலை இதுதானா?

பதில்: கடந்தவர்கள் இதற்கு முன்பே இருந்தார்கள். ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர் 1903ஆம் ஆண்டில், ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வின்டன் வண்டியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்கை 63 நாட்களில் அடைந்தார். அப்போது அவர் பின்பற்றிச் செல்லப் பெயருள்ள சாலை எதுவும் இல்லை. லிங்கன் நெடுஞ்சாலைக்கு ஓராண்டு முன்னரே, 1912இல், 'தேசியப் பழந்தடச் சாலை' என்ற பெயரில் வேறொரு நெடுந்தொலைவு வழித்தடத்துக்காக ஒரு சங்கம் அமைந்துவிட்டது. ஆகவே 'முதல்' என்ற பட்டத்தை எச்சரிக்கையோடுதான் தர வேண்டும். மக்கள் நினைவில் முதலில் நின்றது லிங்கன் நெடுஞ்சாலை என்பதில் ஐயமில்லை.

கேள்வி: ஒரு சாலைக்கு ஆபிரகாம் லிங்கனின் பெயரை வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? தொடக்கத்திலிருந்தே அதுதான் பெயரா?

பதில்: தொடக்கத்தில் வேறு பெயர் இருந்தது. இத்திட்டத்தைக் கிளப்பியவர் இண்டியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த கார்ல் ஃபிஷர். மோட்டார் வண்டிகளுக்கு அசெட்டிலீன் வாயுவில் எரியும் முகப்பு விளக்கு செய்து விற்றுச் செல்வரானவர். இண்டியானாபோலிஸ் பந்தயத் திடலை உருவாக்கியவர்களில் ஒருவர். 1912ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அந்நகரின் 'டாய்ச்சஸ் ஹவுஸ்' மாளிகையில், மோட்டார்த் தொழில் முதலாளிகளுக்கு அவர் ஒரு விருந்தளித்தார். (ஜெர்மானியப் பெயர் கொண்ட அந்த மாளிகையும் முதல் உலகப் போரின்போது 1918இல் 'அத்தினேயம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இக்கதையில் பெயர் மாறாத பொருளைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம்.) அவ்விருந்தில் ஃபிஷர் முன்வைத்த பெயர் 'கரையிலிருந்து கரைக்குக் கப்பிச்சாலை' என்பது. உடைத்த கல்லும் சரளையும் பரப்பிய சாலை என்பதற்கு மேல் அதில் அலங்காரம் எதுவுமில்லை. பொருட்செலவு 1 கோடி டாலர் ஆகும் என்றும், அதை மோட்டார்த் தொழிலும் அதனோடு சேர்ந்த தொழில்களும் தர வேண்டும் என்றும், கருவிகளையும் ஆட்களையும் வழியிலுள்ள ஊர்கள் ஏற்க வேண்டும் என்றும் அவர் கணக்குச் சொன்னார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த பனாமா–பசிபிக் கண்காட்சிக்கு முன்பே வேலையை முடித்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. குட்இயர் டயர் நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க் சைபர்லிங், தம் நிர்வாகக் குழுவைக் கேட்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், அந்த இடத்திலேயே 3 லட்சம் டாலர் தருவதாக வாக்களித்தார்.

எல்லோரையும் விட அதிகமாக வண்டி விற்ற ஹென்றி ஃபோர்டு மட்டும் ஒரு காசும் தர மறுத்துவிட்டார். கஞ்சத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொதுமக்களுக்கான சாலையைத் தனியார் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அதை வரிப்பணத்தில் போட வேண்டும் என்ற எண்ணமே மக்களுக்கு வராது என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அன்று ஆரவாரம் செய்தவர்களைக் காட்டிலும் மறுத்தவருக்கே காரியத்தின் போக்கு தெளிவாகத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபோர்டு இல்லாமல் நிதி சேராது தவித்த ஃபிஷருக்கு, லிங்கன் என்ற பெயரைக் கொடுத்தவர் பேக்கர்ட் மோட்டார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி ஜாய். தலைநகர் வாஷிங்டனில் லிங்கனுக்குப் பளிங்கில் நினைவுமண்டபம் எழுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பளிங்கைவிட மக்கள் நடமாடும் ஒரு சாலையே அவருக்கு ஏற்ற நினைவுச்சின்னம் என்று ஜாய் கருதினார். கல்லின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தராதவர்கள் லிங்கனின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தருவார்கள் என்பதை ஃபிஷர் உடனே புரிந்துகொண்டார். 1913 ஜூலை 1 அன்று டெட்ராய்ட் நகரில் லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கம் அமைந்தது. ஜாய் தலைவர், ஃபிஷர் துணைத்தலைவர். 5 டாலர் கொடுத்த யாரும் உறுப்பினராகலாம் என்று சான்றிதழ் அச்சிட்டு விற்றார்கள். குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனும் அப்படிப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர். அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று வழிநெடுகிலுமுள்ள ஊர்களில் சொக்கப்பனை கொளுத்தியும் வாணவேடிக்கை நடத்தியும் சாலையை லிங்கனுக்கு அர்ப்பணித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் 1913இலேயே நல்ல சாலை இருந்ததா?

பதில்: அர்ப்பணிப்பு நடந்தது, சாலைதான் இல்லை. அக்காலத்தில் அந்நாட்டின் ஊர்ப்புறச் சாலைகள் சுமார் 22 லட்சம் மைல். அவற்றில் கல்லோ சரளையோ செங்கல்லோ வேறு ஏதேனும் உறுதியான மேற்பரப்போ கண்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மழை பெய்தால் ஐயோவாவின் கரிசல் சேற்றில் வண்டி அச்சுவரை புதையும். சங்கம் 1916இல் வெளியிட்ட வழிகாட்டியில், முழுப் பயணத்துக்கும் 20 முதல் 30 நாட்கள் ஆகும், சராசரி வேகம் மணிக்கு 18 மைல், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலருக்கு மேல் செலவாகாது என்று கணக்கிடப்பட்டிருந்தது. ஒமாஹாவுக்கு மேற்கே செல்பவர்கள் கூடாரம் முதலானவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஓடையில் இறங்குமுன் நீரில் நடந்து ஆழம் பார்க்க வேண்டும், புதுக் காலணி அணிந்து புறப்படக் கூடாது என்றெல்லாம் அது அறிவுரை கூறியது. யூட்டா பாலைவனத்தில் ஓரிடத்தைப் பற்றி, வண்டி நின்றுபோனால் அங்குள்ள புதர்ச்செடிகளைக் குவித்துத் தீ மூட்டுங்கள், 20 மைலுக்கு அப்பாலிருந்தே அதைப் பார்த்து ஒரு பண்ணைக்காரர் குதிரைகளோடு வந்து இழுத்துவிடுவார் என்றும் எழுதியிருந்தது. சங்கத்தின் விளம்பரங்களைக் காட்டிலும் இந்த ஒரு குறிப்பு அச்சாலையின் உண்மை நிலையைச் சொல்லிவிடுகிறது.

முழுச் சாலையைப் போடப் பணமில்லாத சங்கம், 'நாற்று மைல்' என்றொரு உபாயத்தைக் கண்டுபிடித்தது. சிமெண்ட் உற்பத்தியாளர்கள் இலவசமாகத் தந்த சிமெண்டைக் கொண்டு, சேறான சாலையின் நடுவே ஒரு மைல் நீளத்துக்கு மட்டும் கான்கிரீட் போடுவார்கள். அதில் ஓட்டிப் பார்த்தவன், அது முடிந்து மீண்டும் சேற்றில் இறங்கும்போது, மீதி மைல்களையும் இப்படியே போடுமாறு தன் மாவட்டத்தை நெருக்குவான் என்பது எதிர்பார்ப்பு. முதலாவது நாற்று மைல் 1914இல் இல்லினாய் மாநிலத்தின் மால்ட்டா என்ற சிற்றூரருகே போடப்பட்டது. பிறகு 1923இல் இண்டியானாவில் டையர், ஷெரர்வில் ஆகிய ஊர்களுக்கிடையே, ஏறத்தாழ 1.3 மைல் தொலைவுக்கு, 40 அடி அகலத்தில், 10 அங்குலத் தடிமனில் ஒரு 'முன்மாதிரிப் பகுதி' உருவானது. அன்றைய நிலையில் அது மிகைபோலத் தோன்றியது. அடுத்த தலைமுறையின் நெடுஞ்சாலைகளுக்கு அதுவே அளவாயிற்று.

இடையில் 1919 கோடையில், ராணுவம் சுமார் 80 வண்டிகளையும் ஏறத்தாழ 300 பேரையும் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிச் சோதித்தது. கெட்டிஸ்பர்க் அருகே லிங்கன் நெடுஞ்சாலையில் சேர்ந்த அந்த அணி, மரப்பாலங்களை முறித்துக்கொண்டும் மணலில் புதைந்துகொண்டும், 62 நாட்களில் போய்ச் சேர்ந்தது. சராசரி வேகம் மணிக்கு 6 மைல் அளவுதான். அதில் பார்வையாளராகச் சென்ற இளம் அதிகாரியின் பெயர் டுவைட் ஐசனோவர். அவரைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: லிங்கன் பெயர் வருவதற்கு முன் அந்தத் துண்டுகளுக்குப் பெயர்கள் இருந்திருக்குமே?

பதில்: இருந்தன, இன்றும் சில இருக்கின்றன. பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவையும் லங்காஸ்டரையும் இணைத்த சுங்கச்சாலை 1790களில் கல் பாவிப் போடப்பட்டது. ஒரு தனியார் கம்பெனி போட்டுச் சுங்கம் வசூலித்தது. லிங்கன் நெடுஞ்சாலை அதன்மீதே சென்றது. ஆயினும் பிலடெல்பியாவை அடுத்த ஊர்களில் அது இன்றும் லங்காஸ்டர் அவென்யூதான். மேற்கே யூட்டாவிலும் நெவாடாவிலும் சாலை பெரும்பாலும் 1860–61இல் குதிரை அஞ்சல்காரர்கள் விரைந்த தடத்தையொட்டிச் சென்றது.

பணத்துக்காகச் சூட்டிய பெயர் நிற்காமல் போனதற்கு யூட்டாவிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. ஜான்சன் கணவாய் என்ற மலைவழியைச் சீர்செய்ய ஃபிஷர் 25,000 டாலர் கொடுத்தார். சங்கம் அதற்கு 'ஃபிஷர் கணவாய்' என்று பெயரிட்டது. உள்ளூரார் அதை ஏற்கவில்லை, இன்றும் அது ஜான்சன் கணவாய்தான். அதற்கு மேற்கே, உப்புச்சேற்றுப் பாலைவனத்தைக் கடக்கும் குறுக்குவழிக்குக் குட்இயர் நிறுவனம் பணம் கொடுத்ததால் அது 'குட்இயர் குறுக்குவழி' என்று அழைக்கப்பட்டது. யூட்டா மாநில அரசோ அந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, வடக்கே வெண்டோவர் வழியாகச் செல்லும் சாலையில் பணத்தைப் போட்டது. சங்கத்தின் வழியில் சென்றவர்கள் நெவாடாவின் ஈலி நகரை அடைந்து அங்கிருந்து தெற்கு கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிடலாம். அப்படித் திரும்பாமல் யூட்டாவின் தென்பகுதி ஊர்கள் வழியாகவே லாஸ் ஏஞ்சலஸ் பயணிகள் போனால் அந்த ஊர்களுக்கு வியாபாரம் உண்டு. வியாபாரம் வென்றது. குட்இயர் வழி கைவிடப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது அப்பகுதி ராணுவச் சோதனைக் களமாகி, பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

கேள்வி: இத்தனை புகழ்பெற்ற பெயரை எடுத்துவிட்டு வெறும் எண்ணை ஏன் வைத்தார்கள்? லிங்கனுக்கு இது அவமதிப்பாகப் படவில்லையா?

பதில்: பட்டது, பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் 1920களில் அமெரிக்கச் சாலையோரம் எப்படி இருந்தது என்பதை அறிந்தால் அரசின் முடிவு விளங்கும். லிங்கன் சாலையின் வெற்றியைக் கண்டு டிக்ஸி, ஜெபர்சன், விக்டரி என்று வரிசையாகப் பெயர்ச்சாலைகள் முளைத்து, பத்தாண்டுகளுக்குள் எண்ணிக்கை 250ஐ எட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நிறப்பட்டை. லிங்கன் சாலைக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம். நடுவில் 'எல்' என்ற எழுத்து. இப்பட்டைகளைத் தந்திக்கம்பங்களில் தீட்டி வழி காட்டினார்கள். ஒரே சாலையில் இரண்டு மூன்று பெயர்ச்சாலைகள் ஒன்றாகச் சென்ற இடங்களில், ஒரே கம்பத்தில் அடிமுதல் தலையுயரம்வரை பட்டைகள் ஏறின. சில சங்கங்கள் உண்மையாக உழைத்தன. வேறு சில, கடைக்காரர்களிடமும் ஊர்களிடமும் சந்தா வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் ஊர் வழியாகச் சாலையை வளைத்துவிடுவதோடு நிறுத்திக்கொண்டன.

இதற்குள் அடிப்படையான ஒரு மாற்றமும் நிகழ்ந்துவிட்டது. 1916இலும் 1921இலும் இயற்றப்பட்ட சட்டங்களின் வழியாக மத்திய அரசு சாலைகளுக்கு நிதி தரத் தொடங்கி, மாநிலங்கள் தத்தம் நெடுஞ்சாலைத் துறைகளைக் கட்டி எழுப்பியிருந்தன. சாலையைப் போடுவதும் பழுது பார்ப்பதும் அரசாக இருக்கையில், பெயரையும் வழியையும் ஒரு சந்தாச் சங்கம் தீர்மானிப்பது பொருந்தாமற்போயிற்று. ஃபோர்டு 1912இல் சொன்னது நடந்துவிட்டது. ஃபிஷரின் சாலையே அதை நடத்திக் காட்டியது என்பது இதிலுள்ள வேடிக்கை.

1925இல் வேளாண்துறைச் செயலர் நியமித்த கூட்டுக்குழு, பெயர்களை ஒதுக்கிவிட்டு எண்முறையை வகுத்தது; மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் 1926 நவம்பர் 11 அன்று அதற்கு இறுதி ஒப்புதல் அளித்தது. கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு இரட்டை எண், வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றை எண். குறுக்காகச் செல்லும் தலையாய சாலைகளின் எண் பூச்சியத்தில் முடியும். தங்கள் சாலை முழுவதற்கும் 30 என்ற ஒரே எண் கிடைக்க வேண்டும் என்று லிங்கன் சங்கத்தார் விரும்பினார்கள். கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத்தான். நியூயார்க் பக்கத்திலிருந்து பிலடெல்பியாவரை 1ஆம் எண். பிலடெல்பியாவிலிருந்து வயோமிங்கின் கிரேஞ்சர்வரை 30. அதன்பின் 30ஆம் எண் லிங்கன் வழியை விட்டுப் பிரிந்து, வடமேற்கே ஓரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டது. கிரேஞ்சரிலிருந்து சால்ட் லேக் நகரை நெருங்கும்வரை 530, பிறகு 40, நெவாடாவின் குறுக்கே 50, கலிபோர்னியாவில் மீண்டும் 40, 50 என்று மீதி சிதறியது. தனியொரு சங்கம் ஓர் எண்ணைச் சொந்தம் கொண்டாட இடம் தரக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைத் தவறென்று சொல்லவும் மனம் வரவில்லை. வழி தெரியாமல் தவித்த பயணிக்கு எண்பலகை செய்த உதவி பெரிது.

கேள்வி: லிங்கன் தலை பதித்த கான்கிரீட் கம்பங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அவை எப்போது நட்டவை?

பதில்: பெயர் அதிகாரபூர்வமாகப் போன பிறகு நட்டவை. தன் செயல்பாட்டை 1927 இறுதியில் முடித்துக்கொண்ட சங்கம், கடைசிக் காரியமாக இக்கம்பங்களைச் செய்வித்தது. 1928 செப்டம்பர் 1 அன்று பிற்பகல் 1 மணிக்கு, நாடெங்கும் ஒரே நேரத்தில், சாரணச் சிறுவர்கள் சுமார் 3,000 கம்பங்களை வழிநெடுக நட்டார்கள். இச்சாலை ஆபிரகாம் லிங்கனுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்ற வாசகமும் அவருடைய முகமும் பொறித்த வெண்கலப் பதக்கம் ஒவ்வொன்றிலும் பதிக்கப்பட்டிருந்தது. வழிகாட்டுவதற்கு அவற்றின் தேவை அப்போதே தீர்ந்துவிட்டது. அவை நினைவுக் கற்களாகவே நின்றன. சாலைகளை அகலப்படுத்தியபோது பெரும்பாலானவை போய்விட்டன.

கேள்வி: 80ஆம் எண் விரைவுச்சாலைதான் இன்றைய லிங்கன் நெடுஞ்சாலை என்று சொல்லலாமா?

பதில்: அதே இரு பகுதிகளை இணைப்பதால் வாரிசு என்று சொல்லலாம், அதுவே என்று சொல்லக் கூடாது. 1919இல் சேற்றில் நகர்ந்த அந்த அதிகாரி, குடியரசுத் தலைவராகி, 1956இல் 41,000 மைல் விரைவுச்சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். தம் எண்ணத்தை உருவாக்கியவையாக அந்தப் பழைய ராணுவப் பயணத்தையும், போருக்குப் பின் ஜெர்மனியில் பார்த்த விரைவுச்சாலைகளையும் ஐசனோவர் தாமே குறிப்பிட்டிருக்கிறார்.

80ஆம் எண் சில இடங்களில் பழைய சாலையின் மேலேயே போடப்பட்டது. வயோமிங்கில், லாரமிக்கு மேற்கே, பழைய 30ஆம் எண் சாலை மெடிசின் போ என்ற ஊர் வழியாக வடக்கே வளைந்து செல்ல, புதியது 1970இல் மலையடிவாரமாகக் குறுக்கே வெட்டிச் சென்றது. பழைய வழியிலிருந்த ஊர்கள் தங்கள் போக்குவரத்தை இழந்தன. நெவாடாவில் விரைவுச்சாலை வடக்கே பழைய 40ஆம் எண் வழியைப் பிடித்துக்கொண்டதால், லிங்கன் வழியான 50ஆம் எண் தனித்து விடப்பட்டது. 'லைஃப்' இதழ் 1986இல் அதை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று வருணித்தது; எச்சரிக்கும் தொனியில் சொல்லப்பட்ட அப்பட்டத்தை நெவாடா மாநிலம் சுற்றுலா விளம்பரமாக்கிக்கொண்டது. இன்று பலர் அச்சாலையை அந்தப் பெயரால்தான் அறிவார்கள்.

லிங்கன் பெயர் ஊர்களுக்குள்தான் உறுதியாக நிற்கிறது. பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க்கிலும் ஐயோவாவின் ஏம்ஸிலும் 'லிங்கன் வே' உண்டு; வயோமிங்கின் ஷயென் நகரில் 'லிங்கன்வே' உண்டு. ஒமாஹாவை அடுத்து 1920இல் பாவிய செங்கல் சாலை சுமார் 3 மைல் தொலைவுக்குப் பாதுகாக்கப்படுகிறது. ஐயோவாவின் டாமாவில், 1915இல் கட்டிய சிறு பாலம் ஒன்றின் கைப்பிடிச் சுவர்களே 'லிங்கன் நெடுஞ்சாலை' என்ற எழுத்துகளாக வார்க்கப்பட்டிருக்கின்றன. 1992இல் அதே பெயரில் மீண்டும் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, பழைய தடங்களை ஆராய்ந்து குறித்துவருகிறது. முதல் வழித்தடத்தையும் பின்னர் மாற்றியமைத்த வழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், லிங்கன் நெடுஞ்சாலை என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட சாலைகளின் மொத்த நீளம் 5,800 மைலுக்கு மேல் வருகிறது.